திரையை இழுத்தால் ரேடியோவைப் போடு

மே 14, ஞாயிறு

கேரவன் வந்து சேர்ந்துவிட்டது, காருக்குப் பின்னால் மாட்டி இழுக்கிற சக்கர வீடு. வாசலை முழுக்க அடைத்துக்கொண்டு நிற்கிறது. க்ளைவ் அதைச் சுற்றிச் சுற்றி வந்து தடவிக்கொடுக்கிறான். முப்பத்தைந்து வருடத்தில் என்னை ஒருநாள் அப்படித் தடவியிருப்பானா?

உள்ளே போனேன். குமட்டிக்கொண்டு வந்தது. புதுப் பசை நாற்றம் மட்டும் இல்லை. கட்டிலுக்கு அடியில் நீல விளக்கு. தலைமாட்டில் பொய்த்தோல் மெத்தைப் பலகை. எட்டுக் குஷன், ஒன்றில்கூட ஒழுங்கான தையல் இல்லை. இருபத்திரண்டு வருடம் கேரவன் தொழிற்சாலையில் திரையும் குஷனும் தைத்தவள் நான், என்னிடமா? ஒரு மூலையைப் பிரித்துப் பார்த்தேன். உள்ளே துண்டுப் பஞ்சு. சீ.

கொடுமை அதுவல்ல. படுக்கையறை என்று விற்றவன் சொன்னானே, அந்த அறைக்குக் கதவு எங்கே? சமையல் மேடைக்கும் கட்டிலுக்கும் நடுவில் விசிறி மாதிரி மடிகிற ஒரு திரை. காகிதத்துக்கு அண்ணன், துணிக்குத் தம்பி. ஓரத்தில் காந்தம் வைத்திருக்கிறார்கள், இழுத்தால் 'டிக்' என்று ஒட்டிக்கொள்ளும். அவ்வளவுதான் அந்தரங்கம். கழிப்பறையோ அந்தக் கட்டிலையும் தாண்டிக் கடைசியில். முன்பக்கம் படுக்கிறவர்கள் அவசரத்துக்குப் போக வேண்டுமென்றால் அடுத்தவர் கால்மாட்டில் வயிற்றை எக்கிக்கொண்டு நடக்க வேண்டும். இதை வரைந்த மகராசன் ஒருநாளாவது நாலு பேரோடு இதில் தூங்கியிருப்பானா?

"கதவு இருபது கிலோ வரும் கண்ணு. எடை கூடினா போலீஸ் பிடிப்பான்" என்கிறான் க்ளைவ்.

நான் பொறுத்துக்கொள்வது ஒரே காரணத்துக்காக. போனில் கூப்பிடாமல் கடிதம் போட்டதில், நோரீன் வருகிறேன் என்று பதில் எழுதிவிட்டாள். என் ஒரே தங்கை. அம்மாவின் சாவுக்கு வந்தவள். அதற்கப்புறம் பதினோரு வருடமாக ஒரு ராத்திரி என்னோடு தங்கியதில்லை. எப்போது கூப்பிட்டாலும் தலைவலி, முதுகுவலி, புருஷன் ரோலண்டுக்கு வேலை. இந்தத் தடவை ஒரு வாரம், ஒரே கூரைக்கு அடியில். இதையும் கோட்டைவிட்டால் அவ்வளவுதான், தங்கை என்று எனக்கு யாரும் இல்லை.

மே 16

கட்டிலைச் சுற்றி நடக்கிற வழியை அளந்தேன். முப்பத்தொரு சென்டிமீட்டர். என் இடுப்பு அதைவிட அகலம்.

மே 21, ஞாயிறு

மூன்று நாளாகத் தைத்த திரையை முடித்தேன். கனத்த துணி, நடுவில் கம்பளி, பின்னால் உள்துணி. பழைய காலத்துக் கேரவன்களுக்கு இப்படித்தான் தைப்போம். சத்தத்தை விழுங்கும். அந்த மடிப்புக் கருமத்துக்கு முன்னால் இதைத் தொங்கவிடலாம் என்று க்ளைவிடம் காட்டினேன்.

பெட்டி எடை பார்க்கிற கொக்கித் தராசைக் கொண்டுவந்தான்! "நாலு கிலோ இருநூறு. நாலு பேரு துணிமணி வேற இருக்கு. முடியாது."

"உன் பியர் டப்பாவை விட்டுட்டு வா."

"பியர் குடிச்சாக் குறையும். திரை குறையுமா?"

திரையை மச்சில் போட்டுவிட்டேன். ஆத்திரம் இன்னும் அடங்கவில்லை.

ஜூன் 3, சனி

நோரீனுக்கு போன் செய்தேன். வழக்கம்போல ரோலண்ட்தான் எடுத்தார். என்ன நிதானம், என்ன மரியாதை! ஹாரோகேட்டில் முப்பது வருடம் பல் மருத்துவர். வாயைப் பிளந்து கிடக்கிறவர்களிடம் தாழ்ந்த குரலில் பேசிப் பேசிப் பழகியவர். "நோரீன் படுத்திருக்கா க்ளெண்டா. கூட்டம்னா அவளுக்குக் கொஞ்சம் பயம். நான் எப்படியாவது கூட்டிட்டு வர்றேன்" என்றார். அவளுக்கு இப்படி ஒரு மனுஷன் வாய்த்தது அதிர்ஷ்டம். எனக்குத்தான் வாய்த்திருக்கிறதே ஒன்று, இந்நேரம் தோட்டத்தில் நின்றுகொண்டு கேரவன் கழிப்பறையின் கழிவுப் பெட்டியைக் கழற்றி மாட்டிப் பழகுகிறது.

நோரீனிடம் பேச முடியவில்லை.

ஜூன் 12, திங்கள். விட்பி பக்கம்

வந்துவிட்டாள்! இளைத்திருக்கிறாள். கட்டிப்பிடித்தபோது பின்னால் நகர்ந்தாள். பிறகு என் தோளில் முகத்தை வைத்து ஒரு நிமிடம் அப்படியே நின்றாள்.

கிளம்புமுன் எங்கள் வாசலிலேயே க்ளைவ் எல்லார் பையையும் தராசில் மாட்டினான். நோரீனின் பை ஆறு கிலோ. ரோலண்ட் சிரித்துக்கொண்டே, "பையை விடு க்ளைவ், ஆளைத் தூக்கி மாட்டு, அப்பத் தெரியும்" என்றார். நாங்களும் சிரித்தோம். நோரீன் கோட்டுப் பொத்தானைப் போட்டுக்கொண்டாள்.

கேரவன்கள் நிறுத்துகிற முகாமில் வண்டியைப் பின்னால் தள்ளி நிறுத்துவதற்குள் மானம் போயிற்று. பதினைந்து பேர் நாற்காலியைத் திருப்பிப் போட்டுக்கொண்டு, தேநீர்க் கோப்பையும் கையுமாக வேடிக்கை. நான் "இடது! இடது!" என்று கத்த, க்ளைவ் "உன் இடதா, என் இடதா?" என்று கத்த, ஒரு கிழவன் கைதட்டினான். நோரீன் வாய்விட்டுச் சிரித்தாள். சின்ன வயதுச் சிரிப்பு. ரோலண்ட் அவளைத் திரும்பிப் பார்த்தார். சிரிப்பு நின்றுவிட்டது.

கட்டிலை அவர்களுக்குக் கொடுத்தோம். நாங்கள் முன்பக்க இருக்கைகளைச் சேர்த்துப் போட்டுப் படுத்தோம். நடுவில் ஒரு பள்ளம். க்ளைவ் அதில் உருண்டு விழுந்து என்னையும் இழுத்தான்.

ஜூன் 13, செவ்வாய்

சகிக்கவில்லை. சத்தியமாகச் சகிக்கவில்லை.

இந்தப் பெட்டிக்குள் எல்லாருடைய எல்லாச் சத்தமும் எல்லாருக்கும் கேட்கிறது. ரோலண்ட் பல் தேய்க்கிறார், கொப்பளிக்கிறார், காறுகிறார் – ஏதோ என் காதுக்குள் துப்புகிற மாதிரி. க்ளைவ் வயிற்றைப் பற்றி எழுதப்போவதில்லை. காலையில் கழிப்பறைக்குப் போக அவர்கள் கால்மாட்டைக் கடந்தேன். போர்வைக்கு வெளியே ரோலண்டின் வெள்ளைப் பாதங்கள். வெளியே க்ளைவ் கழிவுப் பெட்டியை உருவுகிறான், உள்ளே நான் ரொட்டி வாட்டுகிறேன். அந்தப் பெட்டியில் ஊற்றுகிற நீல மருந்து வாடையும் வெண்ணெய் வாடையும் ஒன்றாக மூக்கில் ஏறினால் மனுஷி எப்படிச் சாப்பிடுவது?

கேரவன்காரர்களுக்கு ஒரு வழக்கம் உண்டு. அப்பா எங்களுக்குச் சொல்லிக்கொடுத்தது: யாராவது திரையை இழுத்தால் மற்றவர்கள் ரேடியோவைப் போட வேண்டும். அல்லது கெட்டிலில் தண்ணீர் வைக்க வேண்டும். காதில் கேட்டாலும் அது கேட்காததுதான். வெளியே வந்தபிறகு முகத்தைப் பார்த்து எதுவும் கேட்கக் கூடாது. இது இல்லாமல் ஒரு குடும்பமும் இதற்குள் ஒரு வாரம் தாங்காது. க்ளைவுக்குக் கை தானாகப் போகும். 'டிக்' என்று காந்தம் ஒட்டினால் அடுத்த நொடி ரேடியோ.

புதிதாக வருகிறவர்கள் செய்கிற தப்பு வேறு. திரையை இழுத்துவிட்டால் சுவர் எழும்பிவிட்டது என்று நினைப்பார்கள். ரோலண்டும் அப்படித்தான். கல்வீட்டில் வாழ்ந்தவர்.

நோரீன் குறட்டை விடுகிறாள். அம்மாடி, என்ன குறட்டை! நான் பொட்டுக் கண் மூடவில்லை. காலையில் அவர்கள் எழுந்திருக்கும் முன் க்ளைவிடம் மெதுவாகச் சொன்னேன்: "எருமை மாதிரி குறட்டை விடறா. நேத்து சூப்பை உறிஞ்சின சத்தம் வேற. இன்னும் ஆறு நாள் நான் எப்படித் தாங்குவேன்?" சொன்னதும் கொஞ்சம் பாரம் இறங்கியது.

ஜூன் 14, புதன்

நோரீன் சூப்பைத் தொடவில்லை. பசிக்கவில்லையாம். காலையில் கழிப்பறைக்குள் போய் நாற்பது நிமிடம். தண்ணீர் ஓடிக்கொண்டே இருந்தது. தொட்டி காலி. க்ளைவ் தண்ணீர் உருளையை உருட்டிக்கொண்டு போய் நிரப்பி வந்தான், மறுபடியும் போனாள். அப்படி என்னதான் கழுவுகிறாள்? எரிச்சலாக வந்தது.

ராத்திரி குறட்டையே இல்லை. நன்றாகத் தூங்கினேன்.

ஜூன் 15, வியாழன்

மழை. நோரீனின் கண்ணுக்குக் கீழே கருப்பு. ராத்திரி தூங்கினாயா என்றால் "தூங்கினேன்" என்கிறாள். ரோலண்ட் பாத்திரம் எல்லாம் கழுவித் துடைத்து அடுக்கினார். க்ளைவை இடித்து, "பாத்தியா மனுஷனை?" என்றேன். பிறகு ரோலண்ட் என்னைத் தனியாகக் கூப்பிட்டு, "நாளன்னைக்கே கிளம்பிடலாம்னு பாக்கறோம். அவளால முடியல. இனிமே இந்த மாதிரி கூப்பிடாம இருந்தா நல்லது, க்ளெண்டா, அவ நன்மைக்குத்தான் சொல்றேன்" என்றார்.

அவ்வளவுதானா? பதினோரு வருடத்துக்கு நாலு நாளா? அவளிடம் போய்க் கேட்டேன். "ஆமா, போறது நல்லது" என்று ஜன்னலைப் பார்த்துச் சொன்னாள். என்மேல் என்ன கோபம் இவளுக்கு? பல் மருத்துவரைக் கட்டிக்கொண்டதும் நாங்கள் இளப்பமாகிவிட்டோமா?

ஜூன் 16, வெள்ளி

நடந்ததை நடந்தபடி எழுதிவிடுகிறேன்.

மதியம் சாப்பாடு முடிந்தது. நல்ல மழை, கூரையில் ஆணி கொட்டுகிற சத்தம். நோரீன் பிஸ்கட் ஒன்றை எடுத்துக் கடித்தாள், கடித்தபடியே கீழே வைத்தாள். ரோலண்ட் அவள் முழங்கையைப் பிடித்து, "வா, கொஞ்சம் படு" என்று கூட்டிக்கொண்டு போனார். திரை. டிக்.

க்ளைவ் கை ரேடியோவுக்குப் போனது. கிரிக்கெட் வர்ணனை. நான் குஷன் தையலைப் பிரித்துத் திரும்பத் தைத்துக்கொண்டிருந்தேன், சும்மா இருக்க முடியாமல். மழை திடீரென்று விட்டது. வர்ணனைக்காரன் மூச்சுவிட ஒரு நொடி நிறுத்தினான். அந்த ஒரு நொடியில் திரைக்குப் பின்னாலிருந்து ஒரு வார்த்தை கேட்டது.

எருமை.

என் வார்த்தை. நான் சொன்ன வார்த்தை.

கேட்டது கேட்காதது – தெரியும். எனக்குத் தெரியாதா? ஆனால் என் கை போய் ரேடியோவை அணைத்துவிட்டது. க்ளைவ் என்னைப் பார்த்தான், நான் அம்மணமாக எழுந்து நின்றது போல.

அதே தாழ்ந்த குரல். அதே நிதானம். பல் பிடுங்குமுன் 'வலிக்காது' என்று சொல்கிற குரல்.

"...எருமைன்னு சொன்னா உங்கக்கா. நீயும் கேட்டே இல்ல? நீ தின்ற சத்தம் கேட்டா அவளுக்குக் குமட்டுது. பிஸ்கட்டை வாயில வெச்சப்ப அவ மூஞ்சி போன போக்கைப் பாத்தியா? எத்தனை தடவை கழுவினாலும் உன்மேல அந்த நாத்தம் போகல. அவங்க நாகரிகமானவங்க, வெளிய சொல்ல மாட்டாங்க. நான் ஒருத்தன்தான் உன்னைச் சகிச்சுக்கிட்டு இருக்கேன். நான் ஒருத்தன்தான்."

"சரிங்க" என்றாள் நோரீன். "சரிங்க. போயிடலாங்க."

அந்த 'சரிங்க'! முப்பது வருடம் பழகின 'சரிங்க'. எனக்கு உடம்பெல்லாம் கூசியது. நாலு நாளாக இந்தப் பெட்டிக்குள் எதையெல்லாமோ பார்த்துக் குமட்டினேன், நீல மருந்து, எச்சில், பாதம்... தூ! நாறுகிறது இங்கே இருந்திருக்கிறது. ராத்திரி குறட்டை விடாமல் அவள் உட்கார்ந்தே விடிய வைத்திருக்கிறாள், நான் நிம்மதியாகத் தூங்கியிருக்கிறேன்.

பேச்சு நின்றது. ரேடியோ ஓடவில்லை என்று அவனுக்கு உறைத்துவிட்டது.

நான் திரையைத் தொடவில்லை. இருந்த இடத்திலிருந்தே, முகாமுக்கே கேட்கிற மாதிரி சொன்னேன்: "நோரீன், எருமைன்னு சொன்னது நான்தான். சூப்பை உறிஞ்சறேன்னு சொன்னதும் நான்தான். தப்பு, மன்னிச்சுக்கோ. மத்தது ஒண்ணுகூட நான் சொல்லல. நாத்தம்னு நான் சொல்லவே இல்ல. உன் பக்கத்துல உக்காந்தா குமட்டுதுன்னு யாரும் சொல்லல."

டிக். திரை மடிந்தது. ரோலண்ட் சிரித்த முகத்தோடு நின்றான். "ஒட்டுக்கேக்கறது நல்ல பழக்கம் இல்ல, க்ளெண்டா."

க்ளைவ் எழுந்தான். சத்தம் போடவில்லை. "இது கேரவன், ரோலண்ட். இங்க ஒட்டுக்கேக்க வேண்டியதே இல்ல. காது இருந்தாப் போதும்."

நோரீன் கட்டில் விளிம்பில் உட்கார்ந்திருந்தாள். அவனைப் பார்க்கவில்லை, என்னைத்தான் பார்த்தாள். "எருமைன்னுதான் சொன்னியா?"

"ஆமா."

"வேற?"

"சூப்பு."

"அவ்வளவுதானா?"

"அவ்வளவுதான்டி. அதுவும் தூக்கம் கெட்ட கடுப்புல."

மெதுவாக, ஒவ்வொரு வார்த்தையாகக் கேட்டாள்: "அம்மா சாவுக்கு நான் வந்தப்ப எம்மேல நாத்தம் அடிச்சுது, இனிமே அவளை வீட்டுக்குக் கூட்டிட்டு வராதீங்கன்னு... நீ இவர்கிட்ட சொன்னியா?"

"யாரு? நானா? எப்போ?" கையிலிருந்த குஷனைக் கீழே போட்டேன். "பதினோரு வருஷமா போன் பண்ணிக் கூப்பிட்டுக்கிட்டே இருக்கேனேடி! ஒவ்வொரு தடவையும் நீ படுத்திருக்கேன்னு சொன்னாரே!"

"நீ போனே பண்ணலைன்னாரு."

இரண்டு பேரும் அவனைத் திரும்பிப் பார்த்தோம். அவன் ஏதோ சொல்ல வாயெடுத்தான். "அவளுக்கு உடம்பு சரியில்ல, இதெல்லாம் கற்பனை" என்று ஆரம்பித்தான். நோரீன் கீழே வைத்த பிஸ்கட்டை எடுத்து வாயில் போட்டு மென்றாள். நொறுநொறுவென்று நன்றாகச் சத்தம் கேட்டது. மென்று விழுங்கினாள். இன்னொன்று எடுத்தாள்.

ஜூன் 17, சனி

வாடகைக் காரில் அவன் ஸ்கார்பரோ ரயிலுக்குப் போனான். நேற்று சாயங்காலமே விட்பியில் ஒரு விடுதிக்குப் போய்விட்டு, தன் பையை எடுக்கக் காலையில் வந்தான். க்ளைவ் பையை வாசலில் வைத்திருந்தான், தராசில் மாட்டிப் பார்த்துவிட்டுத்தான். "பதினொரு கிலோ. வண்டி நல்லா லேசாயிடுச்சு" என்றான். நோரீன் கழிப்பறைக்குள் இருந்தாள். அவன் "நோரீன், வர்றியா, கடைசியாக் கேக்கறேன்" என்றான். உள்ளிருந்து பதில் வரவில்லை. கார் போன சத்தம் அடங்கியதும் வெளியே வந்தாள். அவள் உள்ளே இருந்தது ஐந்தே நிமிடம், தண்ணீர்ச் சத்தம் கேட்கவில்லை.

ரொட்டி நாலு துண்டு, அவரை, முட்டை இரண்டு. சாப்பிட்டு முடித்துவிட்டு அழுதாள். நானும்தான்.

என்னையும் சும்மா விடவில்லை அவள். "நீயும்தான் க்ளென். பதினோரு வருஷத்துல ஒருநாள் நேரா கிளம்பி வந்து கதவைத் தட்டியிருக்கலாம்" என்றாள். உண்மைதான். அவள் பெரிய மனுஷி ஆகிவிட்டாள் என்று நினைத்து முறுக்கிக்கொண்டு இருந்தேன். மற்றவனைச் சொல்லி என்ன? என் வாயிலிருந்து விழுந்ததைத்தானே அவன் எடுத்து வீசினான்.

ஜூலை 2, ஞாயிறு

ஹாரோகேட்டுக்குப் போய் நோரீனின் சாமான்களை எடுத்து வந்தோம். க்ளைவ் எதையும் எடை போடவில்லை.

ஜூலை 9, ஞாயிறு

மாடியறையை ஒழித்துக்கொடுத்தேன். வேண்டாம் என்கிறாள். வாசலில் நிற்கிற கேரவனிலேயே இருந்துகொள்கிறாளாம். கெட்ட ரசனை, அந்த நீல விளக்கும் பிடித்திருக்கிறதாம்! ராத்திரி அதை எரியவிட்டுத்தான் தூங்குகிறாள்.

வண்டிதான் எங்கும் போகப்போவதில்லையே. க்ளைவ் தானாகவே மச்சிலேறி என் திரையைக் கொண்டுவந்து மாட்டிக்கொடுத்தான். கனமாக, தரையைத் தொட்டுக்கொண்டு, எவ்வளவு அழகு! நோரீன் தடவிப் பார்த்து, "நல்லாத் தச்சிருக்கே" என்றாள். ஓரமாக ஒதுக்கிக் கயிற்றால் கட்டிவிட்டாள். ஏன் என்று கேட்டேன். "கேக்கட்டும், பரவாயில்ல" என்றாள்.

ஆகஸ்ட் 6, ஞாயிறு

வெயில். மதியச் சாப்பாட்டுக்குப் பிறகு நானும் க்ளைவும் வாசலில் நாற்காலி போட்டுப் பட்டாணி உரித்துக்கொண்டிருந்தோம். கேரவன் ஜன்னல் திறந்திருந்தது. உள்ளே நோரீன் குறட்டையை ஆரம்பித்தாள். முதலில் லேசாக, பிறகு விசில், பிறகு முழுசாக. தகரம் அதிர்ந்தது. எதிர்வீட்டு டாஃப்னி ரோஜாச் செடியை வெட்டுவதை நிறுத்திவிட்டு இங்கேயே பார்த்தாள். நானும் அவளைப் பார்த்தேன். அவள் திரும்பி வெட்ட ஆரம்பித்தாள்.

க்ளைவ் கை, பழக்கம், நாற்காலிக்குக் கீழே இருந்த ரேடியோவுக்குப் போனது. "போடவா?" என்றான்.

"வேணாம்" என்றேன். "தூங்கறா. கேட்டுக்கிட்டே இருக்கலாம்."

பட்டாணி தீரும்வரை உட்கார்ந்திருந்தோம்.